தண்ணீர் நிற்காத தெரு

மதிப்பும் பாசமும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். வீட்டுத் தரையும் இந்த நிமிடம் வரை காய்ந்துதான் இருக்கிறது. அங்கே தாங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போன் செய்தால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்கிறீர்கள், நான் "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சும்மாதான்" என்று வைத்துவிடுகிறேன். இந்த வாரம் உங்களுக்கு வந்த சும்மா எல்லாம் இந்த விஷயம்தான்.

வடிகால் திட்டத்துக்கு ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம், பிறகு வேலை தொடங்கிவிடும் என்று உங்கள் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிறது. அதற்குள் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும், மாப்பிள்ளை. நன்றாகவே நிற்கும். போன மழைக்கு இடுப்பளவு வந்தது. உங்கள் அத்தை சாப்பாட்டு மேஜை மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் நின்று, மிதந்து வந்த ஃபிரிட்ஜ் அவளை இடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்து "அங்க மழையாப்பா?" என்றாள். "லேசா தூறுதும்மா" என்றேன். கல்யாணமான புதிது, பெண் எடுத்த இடம் தண்ணீரில் மிதக்கிறது என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்று பார்த்தேன்.

அதற்கப்புறம் தெருக்கோடியில் அடுக்குமாடிகள் முளைத்தன, இன்னும் முளைக்கின்றன, அந்த மழைநீரெல்லாம் போக வழி வேண்டும் என்று திட்டம் போடுகிற பொறுப்பு உங்கள் தலையில் விழுந்தது. மாமனார் தெருவுக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாதென்று நீங்கள் வராமல் இரண்டு சர்வேயர்களை அனுப்பினீர்கள். அந்த நேர்மைக்கு நாங்கள் செய்த மரியாதையைக் கேளுங்கள். மாப்பிள்ளை ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார்கள், வீட்டுக்கு வீடு சுவரில் பழுப்புக் கறை. நாலு பேர் வருகிற நேரத்தில் அப்படியா வைத்திருப்பது? தெருச் சங்கச் செயலாளர் என்கிற முறையில் நானே ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, "எல்லாரும் ஒரு கோட் அடிச்சிடுங்க, தெரு மானம் நம்ம கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலில் அடித்து முடித்தவர் அடுத்த வீட்டுத் தையல்காரர்தான். ரோஸ் கலர்.

சர்வேயர்கள் வந்தார்கள், மூன்றுகால் கருவியை நடுத்தெருவில் வைத்துப் பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்து, "போன மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறிச்சு, கறை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். உங்கள் அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "கறையா? எங்க வீட்லயா?" என்றாள். இளையவர், "கருவிப்படி இது பள்ளம், இங்க தண்ணி நின்னே ஆகணுமே" என்று தலையைச் சொறிந்தார். மூத்தவர் பளபளக்கிற சுவரைத் தடவிப் பார்த்து, விரலில் ஒட்டிய பெயிண்டைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, "பள்ளம்தான், ஆனா அடியில எங்கயோ இயற்கையா ஒரு வழி இருக்கு, வர்றதெல்லாம் வடிஞ்சு போயிடுது" என்று முடிவு கட்டினார். நான் டீ கொடுத்தேன்.

அதற்கப்புறம் கூட்டம். மண்டபச் சுவரில் நீங்கள் மாட்டிய படத்தில், மழைநீரை எங்கே திருப்பிவிடுவது என்று காட்டுகிற நீல அம்புக்குறியெல்லாம் எங்கள் தெருவைப் பார்த்து வருகிறது. முன் வரிசையில் உட்கார்ந்து, என் மாப்பிள்ளை எவ்வளவு அழகாகப் படம் போட்டிருக்கிறார் என்று பூரித்துப்போன பிறகுதான் அம்பு எங்கே வருகிறது என்று பார்த்தேன். "தெருக்காரங்க யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?" என்று கேட்டீர்கள். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. எழுந்தேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன், நம்புங்கள். உங்கள் பக்கத்தில் இருந்த பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே, "நீங்கதான் மாமனாரா?" என்றார். அவர் முன்னால் உங்கள் படத்தைத் தப்பென்று எப்படிச் சொல்வேன்? "சொட்டுத் தண்ணி நின்னதில்ல சார்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் கூடவே தட்டினேன்.

தையல்காரர் தட்டவில்லை. திரும்பி வரும்போது சொன்னார்: "போன தடவை மெஷின் மோட்டார் எல்லாம் போச்சு சார், தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறு. இன்னொரு தடவை வந்தா நான் எந்திரிக்க மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான் சார் சுவர் அடிச்சேன்." கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். மனுஷன் கத்தவே இல்லை. அன்றிலிருந்து அவர் வாசலைத் தாண்டும்போது நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

சரி, அழித்த கறையைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று தெருவாகச் சேர்ந்து முடிவு பண்ணினோம். டீத்தண்ணியில சேத்தைக் கரைச்சு ஒரு பிரஷ்ஷும் எடுத்தாச்சு. எந்த உயரத்துக்குப் போடறதுன்னு அடுத்த சண்டை. ஒருத்தர் தொடைங்கிறார், ஒருத்தர் நெஞ்சுங்கிறார், "இடுப்பு, இடுப்பு"ன்னு உங்க அத்தை நடுவுல வந்து நின்னா, யார் இடுப்புன்னு கேட்டுட்டாங்க. கடைசியில நானே கண்ணை மூடிக்கிட்டு ஒரு கோடு இழுத்தேன். பால்காரர் பார்த்துட்டு, "பார்டர் நல்லாயிருக்கே, எந்தப் பெயிண்டர்?"ங்கிறார். அப்புறம்தான் புத்தி வந்துச்சு. கத்தியால சுரண்டினா அடியில நிஜக் கறை அப்படியே இருக்கு. எங்க கூடத்துல ஒரு இடம், தையல்காரர் வீட்ல ஒரு இடம் சுரண்டி வச்சிருக்கோம்.

ஆகவே தாங்களும் பெரிய அதிகாரியும் நேரில் வந்து பார்க்க வேண்டும். படத்தில் தப்பில்லை, மாமனார் பொய் சொன்னார் என்றே அவரிடம் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்கிறேன். ஆட்சேப மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. நாளைக் காலை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன். மகளிடம் அந்தத் தூறலைப் பற்றி நானே சொல்லிக்கொள்கிறேன். இருவரும் குறையில்லாமல், முக்கியமாக உலர்ந்த இடத்தில், நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
மாமனார்

பின்குறிப்பு: எழுதி முடித்ததை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "நேரில் வந்து" என்கிற இடத்திலேயே எழுந்துவிட்டாள். "மாப்பிள்ளையும் பெரிய அதிகாரியும் வர்றாங்களா? சுவர் இருக்கற லட்சணத்துக்கா?" பெயிண்டர் வந்து, சுரண்டின இடத்தையெல்லாம் பூசி அடித்துவிட்டுப் போய்விட்டார். கையோடு தையல்காரர் வீட்டையும். ஏணியைப் பிடித்துக்கொண்டவன் நான். மனுவைத் தையல்காரர் கையில் கொடுத்துவிட்டேன், என்னிடம் இருந்தால் அது சும்மாவாகிவிடும். ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள். வந்தால் என்னிடம் எதுவும் கேட்காதீர்கள், சொட்டுத் தண்ணி நின்றதில்லை என்றுதான் வாயில் வரும். நேரே உள்ளே போய் இரும்பு பீரோவை நகர்த்துங்கள். அதற்குப் பின்னால் பெயிண்ட் அடிக்கவில்லை.