பழுதே இல்லாத அலுவலகம்

நரீன் நகரத்தில் மலைச்சாலை அறிவிப்புப் பலகைத் துறை என்று ஓர் அலுவலகம் இருந்தது. அதில் உபகரண நிலை மேற்பார்வைப் பிரிவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகத் தலைவர் எசென்பாய். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் ஒரு கணினியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. திறக்காமலேயே, பழுதான கணினிகளை என்ன செய்ய வேண்டும் என்று பதினான்கு பக்கத்துக்கு விதித்தொகுப்பு எழுதியிருந்தார்.

ஒன்பதாம் விதிப்படி, எல்லாக் கணினிக்கும் முத்திரைத்தாள் ஒட்டப்படும்; மூவர் குழு கூடினாலன்றி அதைக் கிழிக்கக் கூடாது. பதினோராம் விதிதான் அவருடைய பெருமை. கணினி பழுதானால், அந்தப் புகாரை அதே கணினியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். அப்போதுதான் அதன் எண் தானாகப் பதிவாகும், யாரும் ஏமாற்ற முடியாது. காகிதமில்லா நிர்வாகம் என்ற பேச்சு நாடெங்கும் பலமாக அடிபட்டுக்கொண்டிருந்த காலம் அது. தலைநகரத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள்.

செத்துப்போன கணினி எதுவும் புகார் அனுப்பவில்லை. முதல் ஆண்டே பழுதுகளின் எண்ணிக்கை சுழியம் ஆனது. எசென்பாய்க்குக் கண்ணாடி போட்ட நற்சான்றிதழ் வந்தது. பழுதே இல்லாத அலுவலகத்தில் பழுது பார்ப்பவர் எதற்கு என்று, சாய்ராகுல் என்ற பெண்மணியின் பதவியை ரத்து செய்தார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டதும் எசென்பாய்தான். நல்ல அழகான கையெழுத்து.

இப்படிப்பட்டவருடைய வீட்டுக் கணினி ஒரு புதன்கிழமை காலை மக்கர் பண்ணியது.

அவர் மனைவி புருல் கால்நடை மருத்துவர். இரண்டு வருஷமாக நாற்பது மேய்ச்சல் நிலங்களில் ஏறி இறங்கி, ஆடுகளுக்கு ரத்தம் எடுத்து, கருச்சிதைவு நோய் எங்கெங்கே பரவுகிறது என்று ஓர் அறிக்கை எழுதி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தலைநகரம் பிஷ்கெக்குக்குப் போய்ச் சேர்ந்தால் மாவட்டத்துக்குத் தடுப்பூசி வரும். சேராவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த வருஷம்வரை ஆடுகள் காத்திருக்கப் போவதில்லை.

"ரொம்ப மெதுவா ஓடுதுங்க. என்னன்னு பாருங்களேன். நீங்கதானே நிபுணர்" என்றாள்.

நிபுணர் எழுந்து வந்தார். பெட்டியை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் அதன் மண்டையில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். திரை கறுத்தது. பெட்டிக்குள்ளிருந்து நீளமாக மூன்று முறை 'பீப்' என்று சத்தம் வந்தது.

"என்ன பண்ணீங்க?"

"முதற்கட்டப் பரிசோதனை."

அணைத்துப் போட்டார். கம்பியைப் பிடுங்கிச் செருகினார். வேறு பிளக்கில் மாட்டினார். குளிரினால் இருக்கும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். சூடான பிறகும் அதே மூன்று பீப்.

"அறிக்கைக்கு வேற பிரதி வெச்சிருக்கியா?" என்று மெல்லக் கேட்டார்.

"பென்டிரைவ் வீட்டுக்குள்ளயே வரக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"அது பாதுகாப்புக்காகச் சொன்னது."

"யாரு சொன்னதுன்னு கேட்டேன்."

"நான்தான்."

புருல் பெட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காதை வைத்துக் கேட்டாள். "ஒவ்வொரு தடவையும் சரியா மூணு. எங்க வலிக்குதுன்னு சொல்லுதுங்க. ஆடுகூட இவ்வளவு தெளிவா சொல்லாது. திறந்து பாத்துடுங்க."

எசென்பாய் தொண்டையைச் செருமினார். வீடும் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று அவரே ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்தார்.

"கிழிங்க."

"மூணு பேர் வேணும், புருல்."

அவள் ஒன்றும் பேசவில்லை. இருபத்தாறு வருஷ இல்லறத்தில் அவள் பேசாமல் இருந்த நேரங்களுக்குத்தான் அவர் அதிகம் பயந்திருக்கிறார். அவசர அவசரமாகப் பக்கத்து வீட்டு மம்பெத்தைக் கூப்பிட்டார். மம்பெத் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.

"நான் எதுக்குண்ணே?"

"குழு உறுப்பினர்."

"டீ உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி."

மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். எசென்பாய் கையாலேயே பழுதுப் பத்திரம் எழுதினார். 'மேற்படி உபகரணம் மேற்படி நாளில் மேற்படி குடும்பத்தின் முன்னிலையில் இயக்கம் இழந்தமை இதன்மூலம் உறுதி செய்யப்படுகிறது.' அடுத்தது, பழுதின் காரணம்.

"யாராச்சும் தட்டினாங்களாண்ணே?" என்றான் மம்பெத். "எங்க வண்டியில ரேடியோ அப்படித்தான் போச்சு."

புருல் கணவனைப் பார்த்தாள். எசென்பாய் பேனாவைப் பார்த்தார். பிறகு 'புறச்சூழல்' என்று எழுதினார்.

முத்திரை கிழிந்தது. பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளே ஒரு கூடு மாதிரி ரோமம். புருல் விரலால் எடுத்துத் திருகிப் பார்த்தாள். "ஆட்டு ரோமம். என் கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. இதான் மூச்சு முட்டி மெதுவா ஓடிருக்கு."

ரோமத்தை எடுத்துப் போட்டார்கள். பெட்டியைப் போட்டுப் பார்த்தால் மறுபடியும் மூன்று பீப்.

"இது என்னண்ணே, பச்சையா பெரிசா?" என்றான் மம்பெத்.

"அதுதான் மெயின்."

"மெயின்னா?"

"முக்கியமானது."

"அப்ப இது?"

"அது அதுக்கு உதவியா இருக்கறது."

பதினான்கு பக்கம் எழுதிய மனுஷனிடம் அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு எப்போதும் தெரிந்ததுதான். இன்னொருவர் முன்னால் அது தெரிந்தது இதுதான் முதல் முறை. குழு டீயைக் குடித்துவிட்டு, தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

வியாழக்கிழமை அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். பெட்டியை உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டு, காதுத்தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சந்தைக்கு நடந்தார். சந்தையின் கடைசி வரிசையில், லாரியில் ஏற்றும் பழைய இரும்புச் சரக்குப் பெட்டகத்துக்குள் கணினி பழுது பார்க்கிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். கடைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். கடைசியில் நின்ற பெண்ணின் கையில் பூப்போட்ட போர்வை சுற்றிய குழந்தை.

அந்தப் பெண் திரும்பினாள். பதிவேட்டுப் பிரிவு பெர்மெத். போர்வையின் நுனியிலிருந்து அலுவலக முத்திரைத்தாள் எட்டிப் பார்த்தது.

அவளுக்கு முன்னால் நின்றவர் கணக்குப் பிரிவுத் தலைவர். அதற்கு முன்னால் பலகை எழுத்துப் பிரிவு முழுவதும். ஒருவர் சேணப்பைக்குள், ஒருவர் பால் கேனுக்குள், ஆளுக்கொரு பெட்டியை வைத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

பெர்மெத்தான் முதலில் சமாளித்தாள். "வாங்க சார். கிழங்கு வாங்க வந்தீங்களா?"

"ஆமாம்மா. குழந்தை நல்லாருக்கா?"

"லேசா ஜுரம் சார்."

பெர்மெத் போர்வை நுனியை இழுத்து முத்திரைத்தாளை மூடினாள்.

அவருடைய முறை வந்ததும் கடைக்குள் நுழைந்தார். மேஜைக்குப் பின்னால் சாய்ராகுல் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பிப் போய்விடலாம் என்று அவர் கால்கள் சொல்லின. நாளை நண்பகல் என்று மனசு சொன்னது. சாக்கை மேஜையில் வைத்தார்.

"என்ன பண்ணுது?" என்றாள் அவள், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

"மூணு பீப்."

"தட்டினீங்களா?"

"தட்டினேன். ரெண்டு தடவை. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. எப்பவுமே தெரியாது."

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்தாள். உள்ளேயிருந்து நீளமான ஒரு சின்ன அட்டையை உருவினாள். "இதான் மெமரி. ஏற்கெனவே களிம்பு பிடிச்சிருக்கு. நீங்க தட்டின தட்டுல இடம் மாறிடுச்சு." மேஜையில் கிடந்த பள்ளிக்கூட ரப்பரை எடுத்து, பென்சில் எழுத்தை அழிப்பதுபோல அந்த அட்டையின் பல்லை நாலு தடவை தேய்த்தாள். ஊதினாள். 'டக்' என்று செருகினாள். பெட்டி ஒரே ஒரு சின்ன பீப் போட்டு உயிர் பெற்றது. திரையில் ஆட்டுப் படம் வந்தது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்க அலுவலகப் பெட்டியில பாதிக்கு இதுதான் நோய்."

எசென்பாய் தொப்பியைக் கழற்றினார். "பெரிய தப்புப் பண்ணிட்டேன் சாய்ராகுல். திங்கட்கிழமை கூட்டத்துல எல்லாத்தையும் ஒத்துக்கறேன். பதினோராம் விதியைத் தூக்கறேன். உன் வேலையைத் திருப்பித் தர்றேன்."

சாய்ராகுல் ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கே அறிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. புருல் கணவனுக்குத் தானே டீ ஊற்றிக் கொடுத்தாள். திங்கட்கிழமை செய்யப்போவதை அவர் சொன்னபோது, "நிஜமாவா?" என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு இருபது வயது குறைந்ததுபோல இருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் அவர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். தட்டியது, சாக்கு, ரப்பர், சுழியம், எல்லாம். "நம்ம அலுவலகத்துல பழுது இருக்கு. அதுல முதல் பழுது நான்" என்றார். யாராவது கைதட்டக்கூடும் என்று அவர் காத்திருந்தார்.

பெர்மெத் எழுந்தாள். "சார், நல்ல மனசு உங்களுக்கு. ஆனா விதியைத் தூக்கிட்டா பெட்டியை இங்கேயே சரி பண்ணிடுவாங்களே?"

"ஆமா."

"எவ்வளவு நேரத்துல?"

"அஞ்சு நிமிஷம்."

அறையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கணக்குப் பிரிவுத் தலைவர் எழுந்தார். "இப்போ சந்தைக்குப் போய் வர அரை நாள் ஆகுது. போற வழியில சம்சா சாப்பிடறோம், வீட்டுக்கு இறைச்சி வாங்கறோம், வெயில்ல கொஞ்சம் நிக்கறோம். அஞ்சு நிமிஷம்னா மீதி நேரம் என்ன சார் பண்றது?"

"வேலை" என்றார் எசென்பாய்.

யாரும் சிரிக்கவில்லை. ஏதோ கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

"சாய்ராகுலுக்குச் செஞ்ச அநியாயம்?" என்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

"அக்காகிட்டக் கேட்டுட்டுத்தான் வந்தேன் சார்" என்றாள் பெர்மெத். "கடையைப் பெரிசாக்க ரெண்டாவது பெட்டகத்துக்குச் சொல்லி வெச்சிருக்காங்களாம். சார் நல்லவருதான், தயவுசெஞ்சு இன்னொரு தடவை உதவி பண்ணிடாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க."

வாக்கெடுப்பு நடந்தது. பதினோராம் விதி நீடிக்க வேண்டும் என்று எல்லாக் கைகளும் உயர்ந்தன. நடுவில் ஒரு கை மட்டும் கொஞ்சம் தாமதமாக, வெட்கப்பட்டுக்கொண்டு உயர்ந்தது. அது எசென்பாயுடையது.

'அலுவலகத்தில் பழுது ஏதும் இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று பெர்மெத் குறித்துக்கொண்டாள். அதைத் தட்டச்சு செய்து எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். அவளுடைய பெட்டியோ வியாழக்கிழமையிலிருந்து சாய்ராகுலிடம் இருந்தது. வேறு வழியில்லாததால் துறை முழுவதும் கோட்டை மாட்டிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியது. மலைமேல் வெயில் நன்றாக அடித்தது. பாதி வழியில் கணக்குப் பிரிவுத் தலைவர் எசென்பாயின் தோளில் கைபோட்டு, "என்ன சம்சா? வெங்காயம் போட்டதா, பூசணிக்காய் வெச்சதா சார்?" என்று கேட்டார்.

எசென்பாய் பதினெட்டு ஆண்டு அனுபவத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ரெண்டிலும் ஒண்ணு சொல்லுங்க" என்றார்.