மாப்பிள்ளை காரும் ஷெட்டு விளக்கும்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் காரும் சுகம். மூன்று பேரில் வேளாவேளைக்குக் கவனிக்கப்படுவது கார்தான் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். அங்கே நீங்களும் என் மகளும் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, "அதைச் சொல்லுங்க, இதைச் சொல்லாதீங்க" என்று கையை ஆட்டுவாள். கடைசியில் என் வாயிலிருந்து வருவது "சரி மாப்பிள்ளை, வெச்சிடட்டுமா" என்பது மட்டும்தான். கடிதம் என்றால் என் பேனா, என் காகிதம்.

நிற்க. காரை விற்றுவிடப் போவதாகவும், அதைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருவார் என்றும் நேற்று போனில் சொன்னீர்கள். "வயசான காலத்துல உங்களுக்குத்தான் மாமா தொந்தரவு" என்றீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவரின் குரல் மாதிரி இருந்தது. வருத்தப்படாதீர்கள். மிகச் சரியான முடிவு. அந்தக் காரால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தால் விற்கும்போது மனசு கலங்காது, அதற்காகவே எழுதுகிறேன்.

நான் காகித ஆலையில் காலமெல்லாம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். என் கையில் ஒப்படைத்த பொருள் துருப்பிடித்தது, பூச்சி அரித்தது என்று ஒரு பேச்சு வந்ததில்லை. நீங்கள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் ஷெட்டில் நிறுத்திச் சாவியைக் கொடுத்தீர்களே, அன்று எனக்கு ரிட்டயர் ஆனதே மறந்துபோனது. "மாமா, ஓட்ட வேண்டாம், கழுவ வேண்டாம். பேட்டரி மட்டும் செத்துடக் கூடாது. நிக்கிற வண்டின்னாலும் அலாரம், கடிகாரம், பூட்டு எல்லாம் சத்தமில்லாம கரண்ட் குடிச்சிட்டே இருக்கும். இந்தச் சார்ஜரை மாட்டியே வெச்சிருங்க. சிவப்பு எரிஞ்சா சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம், பச்சை எரிஞ்சா நிறைஞ்சிடுச்சு" என்றீர்கள். நான் தலையாட்டினேன். நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் ஒரு அட்டையில் 'பொருள்: கார். நிலை: நன்று' என்று எழுதிக் கண்ணாடியில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். ஸ்டோர் என்றால் ஒரு முறை இருக்கிறதல்லவா?

அதிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை பார்வையிடுவேன். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது, உள்ளே கும்மிருட்டு. விளக்கைப் போடுவேன். சார்ஜரில் சிவப்பு எரியும். சபாஷ், சாப்பிடுகிறது என்று விளக்கை அணைத்துவிட்டு வருவேன். நான் அணைக்க மறந்தாலும் உங்கள் அத்தை மறக்க மாட்டாள். ஆளில்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவளுக்குப் பல் கூசும். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட ஆளில்லாத அறைகளில் எல்லாம் சுவிட்சைத் தட்டிவிட்டுத்தான் பந்திக்கு வருவாள், உங்கள் கல்யாணத்திலேயே போட்டோகிராபர் இருட்டில் பெட்டியைத் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். இப்படியே நாள் போனது. எப்போது பார்த்தாலும் சிவப்பு, ஒரு நாளும் பச்சை இல்லை. பெரிய வண்டி, பெரிய வயிறு என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம், "சிவப்புதான் மாப்பிள்ளை, நல்லா சாப்பிடுது" என்று பெருமையாகச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா?

ஒருநாள் உள்ளே தூசி தட்டலாமென்று சாவியிலிருக்கும் பொத்தானை அமுக்கினேன். பதிலில்லை. சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருகிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் ஒரு முனகல்கூடக் கிடையாது. உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. வேறு வழியில்லாமல் கரண்டு மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம்.

கரண்டு மாமா என்றால் உங்கள் அத்தையின் தம்பி. என் மகள் சின்ன வயதில் வைத்த பெயர். ஸ்குரூடிரைவரோடு அவன் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த வீடு கொஞ்ச நேரம் இருட்டில் கிடக்கும், ஆனால் அவன் நம்பிக்கை மட்டும் பிரகாசமாக இருக்கும். வந்தான், காரைச் சுற்றினான், இடுப்பில் கை வைத்தான். "அத்தான், இந்த வண்டியில பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கு. டிக்கியைத் திறக்கக் கரண்ட் வேணும். கரண்ட் பேட்டரியில இருக்கு" என்றான். அதில் அவனுக்கு ஏதோ ருசி, மறுபடியும் சொன்னான். "சரிப்பா, அதுக்கு வழி?" என்றேன். "அதைத்தான் யோசிக்கிறேன்" என்று இரண்டு டீ குடித்தான். டம்ளரை எடுக்க வந்த உங்கள் அத்தை, நீங்கள் டிக்கி இடுக்கு வழியாக வெளியே விட்டிருந்த சார்ஜர் ஒயரைக் காட்டி, "இது உள்ள பேட்டரிக்குத்தானே போகுது? இது வழியாவே குடுக்க முடியாதா?" என்று கேட்டாள். "அதைத்தான்க்கா நானும் சொல்ல வந்தேன்" என்றான் பாவி.

தன் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து ஒயரில் தொட்டான் பாருங்கள், மாப்பிள்ளை, செத்துக் கிடந்த வண்டி ஊரைக் கூட்டிவிட்டது! அலாரம் அலறுகிறது, முன்னும் பின்னும் விளக்குகள் கண்ணடிக்கின்றன, கரண்டு மாமா ஷெட்டை விட்டே ஓடிவிட்டான். நான் பொத்தானை அமுக்குகிறேன், அது என்னை மதிக்கவே இல்லை. தெருவே திரண்டு வந்தது. எதிர்வீட்டுக்காரர் தடியோடு வந்து, "திருடன் எந்தப் பக்கம் போனான்?" என்று கேட்கிறார். உங்கள் அத்தை கரண்டியும் கையுமாக, "திருடன் இல்லீங்க, என் தம்பி" என்கிறாள். ஒருவழியாக அது தானாக அடங்கியது. சார்ஜரை மாட்டினோம், சிவப்பு எரிந்தது, அப்பாடா என்று மூவரும் வெளியே வந்தோம். வரும்போது கரண்டு மாமா பழக்கதோஷத்தில் விளக்கை அணைத்தான். அக்காவுக்குத் தம்பி அல்லவா, ரத்தத்திலேயே ஊறியது. சார்ஜரும் அணைந்தது. போட்டான், எரிந்தது. அணைத்தான், அணைந்தது. அந்தப் பிளக்குக்குக் கரண்ட் வருவதே விளக்கு சுவிட்சு வழியாகத்தான்! நான் போய்ப் பார்த்தபோதெல்லாம் எரிந்தது, ஏனென்றால் பார்ப்பதற்காக நான் விளக்கைப் போட்டேன். "எவன்டா இப்படி ஒயரிங் பண்ணி வெச்சது?" என்று கரண்டு மாமா கொதித்தான். "நீதாண்டா" என்றாள் உங்கள் அத்தை.

"நாளைக்கே வந்து தனி லைன் இழுத்துத் தர்றேன். அதுவரைக்கும் தினம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அஞ்சு நிமிஷத்தில் ஏறுவது ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டுக்கே காணாது என்று நீங்கள் முன்பே எச்சரித்திருந்தீர்கள், அதனால் நான் கேட்கவில்லை. அவனுடைய 'நாளை' இன்றுவரை வரவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுக்கலாமென்றால் வாசலைத் தாண்ட வேண்டும், உங்கள் அத்தை தடுக்கி விழுந்தால் அதற்கு எந்தச் சார்ஜரும் கிடையாது. ஆக, ஷெட்டு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். உங்கள் அத்தை ஒப்பவில்லை. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தாள்: "எரியட்டும். ஆனா ஆள் இருக்கணும். ராத்திரி அணைச்சிடணும்."

அங்கே பிடித்தது சனி. பகலெல்லாம் நான் ஷெட்டில் காவல். கார் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு முக்காலிகூடப் போட முடியாது. வேறு வழியில்லாமல் காருக்குள் உட்கார்ந்தேன். உட்காருவதா அது? விழுவது. தரைக்கும் எனக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி. பேப்பரை விரித்தால் ஸ்டீயரிங் இடிக்கிறது. இரண்டாம் நாள் உங்கள் அத்தை டீ கொண்டுவந்தாள், நான் சாய்ந்திருந்த சாய்வைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும்தானா?" என்று அந்தப் பக்கம் ஏறினாள். ஏறிவிட்டாள், இறங்க முடியவில்லை. நான் கையைப் பிடித்து இழுக்க, அவள் சிரிக்க, அவள் சிரிப்பில் எனக்குப் பலம் போக, டீ ஆறியதுதான் மிச்சம். அப்புறம் தினமும் வந்தாள். பீன்ஸ் நறுக்க வெளிச்சம் போதவில்லை என்று காரின் கூரையிலிருக்கும் குட்டி விளக்கைப் போடக் கற்றுக்கொண்டாள், இறங்கும்போது மறக்காமல் அணைத்தும் விடுவாள்.

சார்ஜரில் முதன்முதலாகப் பச்சை எரிந்த அன்று உங்கள் அத்தை ஒரு கத்துக் கத்தினாள், என் மகள் பரீட்சையில் பாஸான அன்றுகூட அவள் அப்படிக் கத்தியதில்லை. பச்சை வந்தால் காவல் முடிந்தது என்று பார்த்தால், கரண்ட் குடித்துக்கொண்டேதானே இருக்கும், விட்டால் மறுபடி இறங்கிவிடும் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆகவே தொல்லை தொடர்ந்தது. சும்மாவாவது உட்காருவாளா? "இப்ப எங்க போறோம்?" என்பாள். கடற்கரைக்கு என்பேன். "அந்த ரோடு வேண்டாம், நெரிசல்" என்பாள். எதிரே சுவரில் மாட்டியிருக்கும் ஏணிதான் எங்களுக்குக் கடல். "லாரி வருது, ஓரங்கட்டுங்க" என்று என் தோளைத் தட்டுவாள். எனக்கு லைசென்சே கிடையாது! ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் நாங்கள் பேசியது "சாப்பிட வாங்க", "மாத்திரை போட்டாச்சா" இரண்டே வாக்கியம்தான். அவள் டிவிக்கு முன்னால், நான் பேப்பருக்குப் பின்னால். அந்த நிம்மதியெல்லாம் போயிற்று. கல்யாணமான புதிதில் நான் சினிமா டிக்கெட்டைத் தொலைத்ததிலிருந்து ஆரம்பித்து அத்தனையும் இந்தக் காருக்குள் கிளறப்பட்டுவிட்டது. மதியச் சாப்பாடு தாமதமாகிறது. என் முதுகு வலிக்கிறது. அவள் முழங்கால் வலிக்கிறது. பேசிப் பேசி இருவருக்கும் தொண்டை கட்டுகிறது.

இவ்வளவு கஷ்டம், மாப்பிள்ளை. ஆகவே தயங்காமல் விற்றுவிடுங்கள். பேட்டரி பச்சையில் இருக்கிறது, அட்டையில் போட்டபடி நிலை நன்று. வருகிறவர் பொத்தானை அமுக்கினால் வண்டி உறுமும், அதற்கு நான் பொறுப்பு. விஷயம் கேட்டதிலிருந்து உங்கள் அத்தை ஒன்றும் பேசவில்லை, சந்தோஷமாக இருக்கும்.

என் மகளுக்கு அன்பு. இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே நீண்ட காலம் வாழ ஆசி.

இப்படிக்கு,
பொருளுக்குப் பொறுப்பான
மாமா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேனே தவிர, தபால் பெட்டி வரை போகக் கால் வரவில்லை. இப்போது ஞாயிறு மாலை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போன் செய்த நாளிலிருந்து நாங்கள் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. அவள் டிவிக்கு, நான் பேப்பருக்கு. வெள்ளிக்கிழமை இருட்டும் நேரத்தில் கேட்டைப் பூட்டப் போனேன். ஷெட்டு விளக்கு எரியவில்லை, அது சரி. ஆனால் கதவிடுக்கில் மெல்லிசாக ஒரு வெளிச்சம். எட்டிப் பார்த்தால் காரின் கூரை விளக்கு, யாருமில்லாத காருக்குள் தன்னந்தனியாக எரிந்துகொண்டிருக்கிறது. ஆயுசிலேயே முதல் முறையாக உங்கள் அத்தை ஆளில்லாத இடத்தில் ஒரு விளக்கை எரிய விட்டிருக்கிறாள். ஒரு விரல் போதும், அணைத்திருக்கலாம். நான், ஒரு பொருளையும் கெட விடாத ஸ்டோர் கீப்பர், கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்து படுத்துக்கொண்டேன்.

இன்று வந்தவர் பொத்தானை அமுக்கினார். ஒரு முனகல்கூட இல்லை. என் அட்டை மட்டும் 'நிலை: நன்று' என்று ஆடிக்கொண்டிருந்தது. "அடடா, போன வாரம்கூட நல்லா இருந்துச்சே!" என்று உங்கள் அத்தை கன்னத்தில் கை வைத்தாள், அவளுக்கு இப்படி நடிக்கத் தெரியும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. அவர், "பரவாயில்லை, ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்" என்றார். "மெக்கானிக் எதுக்குங்க? இந்த வண்டிக்கு எப்பவும் என் தம்பிதான்" என்று கரண்டு மாமாவை வரவழைத்தாள். அவன் ஒயரைத் தொட்டான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் தடியோடு ஓடிவந்தபோது வாங்க வந்தவர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. விற்காதீர்கள். உங்களுக்கும் விற்க மனசில்லை, எங்களுக்குத் தொந்தரவென்றுதான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று. ஷெட்டு விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டு சுவிட்சை மட்டும் போட்டு வைத்தால் போதுமே மாமா, எதற்கு இத்தனை காவல் என்று இந்நேரம் நீங்கள் நினைத்திருப்பீர்கள். அது எனக்கு முதல் நாளே தோன்றியது. சொல்லவில்லை. இன்று அவளிடம் சொன்னேன். "எனக்கும்தான் தோணுச்சு" என்றாள்.

இப்போது ஷெட்டில் விளக்கு எரிகிறது, சார்ஜரில் சிவப்பு. உங்கள் அத்தை உள்ளே உட்கார்ந்துகொண்டு சத்தம் போடுகிறாள்: "எழுதினது போதும், வாங்க! கடற்கரை இருட்டிடப் போகுது!"