ஃபாதருக்குத் தெரியக் கூடாது

"கல்யாணப் பாட்டு, ஃபாதர்," என்று சொல்லிவிட்டார் பாட்டு மாஸ்டர். யாருக்குக் கல்யாணம் என்று சொன்ன பிறகுதான் யோசித்தார்.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில், ஒரு மாதத்துக்கு மேலாக இரகசியமாக நடக்கும் பாடகர் குழுவின் ஒத்திகை. ஃபாதர் இப்படிக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார் என்று யார் கண்டது? முன்வரிசைப் பெண்கள் பாட்டுத் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

"'போய் வாருங்கள்'னு காதுல விழுந்துச்சே மாஸ்டர். கல்யாணத்துல யாரு போறா?"

"மாப்பிள்ளையோட அப்பா, ஃபாதர். இது வீட்டோட மாப்பிள்ளை. அவரை விட்டுட்டு அப்பா மட்டும் ஊருக்குப் போறாரு."

"பாவம்தான். யாருக்குக் கல்யாணம்?"

"எங்கக்கா பொண்ணுக்கு."

ஃபாதர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார். மாஸ்டர் சட்டைக் காலரால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஃபாதர் ஓய்வு பெறுகிறார். அதைச் சொன்ன அன்றைக்கே பீடத்தில் நின்று கறாராகச் சொல்லிவிட்டார்: "மாலை, மேடை, பேச்சு எதுவும் கூடாது. கடைசி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். ஏதாவது ஏற்பாடு நடக்குதுன்னு தெரிஞ்சா சனிக்கிழமையே போயிடுவேன்." வாய்ப்பேச்சில்லை, செய்யக்கூடிய ஆள். அவருடைய வெள்ளி விழாவுக்குப் பந்தல் போட்டு எல்லோரும் காத்திருக்க, மனுஷன் பின்வாசல் வழியாக ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்காக அவரைச் சும்மா அனுப்பிவிட முடியுமா? மாஸ்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து உட்கார்ந்தவர் அவர். ஜெபம் சொன்னதைவிட ஜோக் சொன்னதுதான் அதிகம். அவள் பிழைத்தது மருந்தாலா, அந்தச் சிரிப்பாலா என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மாஸ்டருக்கே சந்தேகம் உண்டு. அந்த மனுஷனை ஒரு பாட்டாவது பாடி அனுப்பாவிட்டால் மாஸ்டருக்குச் சோறு இறங்காது.

கோயில் கமிட்டித் தலைவர் எல்லோரையும் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். "ஃபாதருக்குத் தெரியக் கூடாது. கேட்டா எதையாவது சொல்லிச் சமாளிங்க. மாஸ்டர், முக்கியமா நீங்க. உங்க வாயில ஒண்ணும் தங்காது."

மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த முறை செத்தாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்.

மறுநாளே ஃபாதர் கடைக்கு வந்தார். "நான் கிளம்பறதுக்குள்ள உங்கக்கா பொண்ணு கல்யாணத்தை நானே நடத்தி வச்சிடறேன். தேதி என்ன?"

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலை, ஃபாதர்."

"அதனால என்ன, நான் ஃபோன்ல பேசறேன். நம்பர் குடுங்க."

"அது வந்து... கல்யாணம் நின்னுபோச்சு, ஃபாதர்."

"எப்போ?"

"இப்பத்தான்."

ஃபாதரின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்து மாஸ்டருக்கு இருமல் மருந்தையும் காய்ச்சல் மருந்தையும் மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று பயமே வந்துவிட்டது. நல்லவேளை, கடையில் வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் அக்கா ஃபோனில் வந்தாள்.

"டேய்! உங்க ஃபாதர் வீட்டுக்கு வந்தாரு. பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கிற பொண்ணு தலையில கையை வச்சு, 'கலங்காதேம்மா, வேற நல்ல இடம் அமையும்'ங்கறாரு. அவங்கப்பா, 'எனக்குத் தெரியாம எவன் அவன்'னு அவ ஃபோனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. யாருடா அந்த மாப்பிள்ளை?"

அக்காவிடம் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அவள் வாய் தம்பியின் வாய்க்கே அக்கா.

"அக்கா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் மட்டும் கொஞ்சம் சோகமா இருங்களேன்."

"நீ நேர்ல வா. யாரு சோகமா இருக்கப்போறதுன்னு காட்டறேன்."

இத்தனையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி வேறொரு குண்டைப் போட்டாள். "ஏங்க, மூட்டை மூட்டையா பொய் சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை பூசையில நற்கருணை அப்பம் வாங்கப் போறீங்களா? ஒழுங்கா சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க."

"யார்கிட்ட? அவர்கிட்டயேவா? 'ஃபாதர், உங்களுக்கு விழா வைக்கிறோம், அதை மறைக்கப் பொய் சொன்னேன்'னா? கேட்ட கையோட பையைத் தூக்கிடுவாரு!"

நற்கருணை வாங்காமலும் இருக்க முடியாது. பாடகர் குழு உட்காருவது முன்னால். மாஸ்டர் எழுந்து போகவில்லை என்றால், அப்படி என்ன பாவம் செய்தார் என்று ஊரே ஆராய்ச்சி பண்ணும். பக்கத்து ஊரில் ஒரு கோயில் இருப்பது அப்போதுதான் மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை பஸ் நிறுத்தத்தில், மழையில்லாத வானத்தின் கீழே குடையால் முகத்தை மூடிக்கொண்டு கமிட்டித் தலைவர் நின்றிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, தலைவரே?"

"பல்லு டாக்டர்கிட்ட. நீங்க?"

"எனக்கும் பல்லுதான்."

இருவரும் ஒரே பஸ்ஸில் தனித்தனியாக உட்கார்ந்து போனார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். மாஸ்டர் ஒரு தெருவைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்தார்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டின் ஓரத்தில் முழங்காலிட்டு, சல்லடைத் தட்டிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாமல் உட்கார்ந்திருந்த குருவானவரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். விழா, பாட்டு, இல்லாத மாப்பிள்ளை, பூட்டின பீரோ, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது.

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"அக்காகிட்ட உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அந்தப் பொண்ணோட ஃபோனையும் வாங்கிக் குடுத்துடுங்க, மாஸ்டர்."

அது மாஸ்டருக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஃபாதர்! நீங்க எப்படி இங்க?"

"பாவம் சொல்ல வந்த இடத்துல கேள்வி கேட்கக் கூடாது."

"நீங்க... இன்னைக்கே கிளம்பிடுவீங்களா, ஃபாதர்?"

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க. எழுந்திருங்க."

பின்னால் யார் என்று பார்க்கக்கூட மாஸ்டருக்குத் தெம்பில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். ஊரே கட்டிக்காத்த இரகசியத்தைத் தான் ஒருவனே பஸ் ஏறி வந்து கொட்டிவிட்டோமே என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனார்.

ஞாயிறு காலை ஃபாதரின் வீட்டு வாசலில் பை தயாராக நின்றது. கதவு சாத்தியிருந்தது. போச்சுடா என்று மாஸ்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது மணி அடித்தது. பூசை உடுப்போடு கோயிலுக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "கீபோர்டை யாரு வாசிக்கறது, நானா?" என்றார் ஃபாதர்.

பூசை முடிந்தது. தலைவர் மைக்கைப் பிடித்தார். ஃபாதரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். பாடகர் குழு பாடியது. ஃபாதர் ஓடவில்லை. கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, வெட்கமே படாமல் அழுதார். அவர் முகத்தைப் பார்க்க மாஸ்டருக்குத் தைரியம் வரவில்லை. ஏனோ தலைவரும் கடைசி வரைக்கும் கையிலிருந்த தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் கூரையையும் தரையையும் பார்த்தபடிதான் கை தட்டினார்கள்.

விருந்தில், வாழ்த்த வந்திருந்த பக்கத்து ஊர் ஃபாதர் தட்டோடு வந்து மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க விழா ஏற்பாடு உங்க ஃபாதருக்கு முதல் ஒத்திகையிலயே தெரிஞ்சுபோச்சு மாஸ்டர், 'ஜனங்க ஆசையைக் கெடுக்க மனசு வரலை, ஆனா பொய் சொல்லிட்டு என்கிட்டயே வந்து சொல்ல முடியாம தவிப்பாங்க, சனிக்கிழமைல நாம கோயிலை மாத்திக்குவோம்'னு அவர் கெஞ்சினாரேன்னு ஒரு மாசமா சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் கேட்க உங்க கோயில்ல வந்து உட்கார்ந்தேன், ஒரு ஈ காக்கா கூட வரலை, நீங்க எல்லாரும் எங்கதான் போனீங்க?"