அப்பு ரொட்டி அம்மன்

"அப்ரோடைட்டி சனிக்கிழமை வருகிறாள்" என்பதுவரை கணேசமூர்த்திக்குப் பிடிபட்டது. யார் அந்த அப்ரோடைட்டி என்பதுதான் பிடிபடவில்லை.

கொழும்புக்குப் போயிருந்த வெள்ளைக்காரத் துரை எழுதிய கடிதம் அது. லிந்துலைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷ் கடிதத்தை வாசிக்கத் தகுதியுள்ள ஆள் தான் ஒருவர்தான் என்று கணேசமூர்த்தி பத்து வருடமாகச் சொல்லிவந்தார். மறுத்துச் சொல்ல வேறு யாருக்கும் இங்கிலீஷ் தெரியாததால் அது உண்மையாகவே நிலைத்துவிட்டது.

தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றுப் போனபிறகு அந்த நாற்காலியில் இவர் 'ஆக்டிங்' ஆக உட்கார்ந்திருந்தார். சுதந்திரம் வந்து மூன்று வருடமாகியும் துரை மட்டும் சீமையிலிருந்தே வந்துகொண்டிருந்தார். இப்போது வந்திருப்பவர் புதியவர். புறப்படும்போது கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தான் திரும்பும்வரை ஒரு பிழையும் நடக்காவிட்டால் நாற்காலி கணேசமூர்த்திக்கு. நடந்தால் நோட்டன் பிரிட்ஜிலிருந்து வேறு ஆள் வருவார்.

கடிதத்தை மறுபடி படித்தார். 'அவள் மிகவும் வயதானவள், ஆனால் அழகி. ஒரு கை இல்லை. ரோஜாத் தோட்டத்தில் வைக்கவும். யாரும் அவளைத் தொடக்கூடாது.'

"யாருங்கய்யா வாறது?" என்று கேட்டான் சோலைமலை. துரை பங்களாவின் சமையல்காரன், அதாவது அப்பு.

"அப்ரோடைட்டி."

"அப்பு ரொட்டியா? ரொட்டி சுடுற அப்பு நாந்தானுங்களே! இன்னொரு அப்பு எதுக்குங்க? நான் என்ன குத்தம் செஞ்சேன்?"

"மடையா, அது துரையோட அத்தை பேரு."

"அத்தைன்னு கடுதாசியில போட்டிருக்குங்களா?"

"இங்கிலீசுல எல்லாத்தையும் போடமாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்."

சொல்லிவிட்டார். இனி அவள் அத்தைதான்.

ரோஜாத் தோட்டத்தின் நடுவே கட்டில் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினார்கள். செய்தி கேட்டு மனைவி சண்முகவடிவு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க, இந்தக் குளிருல ஒரு கிழவியை வெளியே படுக்க வைக்கவா போறீங்க?"

"துரை எழுதியிருக்கார்."

"யாரும் தொடக்கூடாதுன்னா, அந்தம்மாவுக்கு அம்மை கிம்மை போட்டிருக்குமோ?"

கணேசமூர்த்தி இதை யோசித்திருக்கவில்லை. யோசித்த மாதிரி தலையாட்டினார். மறுநாள் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வேப்பிலை வந்து இறங்கியது.

சனிக்கிழமை தலவாக்கலை ஸ்டேஷனில் தப்புக்காரர்கள் நாலு பேர், பெரிய கங்காணி மாயாண்டி, கொழுந்து பறிக்கிற பெண்கள் பத்துப் பேர், ஒற்றைக் கையால் வாங்கிக்கொள்ள வசதியாகச் சின்னதாகக் கட்டிய மாலை ஒன்று எல்லாம் தயாராக நின்றன. புகை விட்டுக்கொண்டு கோச்சி வந்தது. தப்பு முழங்கியது. யாரும் இறங்கவில்லை. ஆறடிப் பெட்டி ஒன்றை மட்டும் இறக்கினார்கள்.

பெட்டியின் மேல் இங்கிலீஷில் 'அப்ரோடைட்டி, கிரீஸ்' என்று எழுதியிருந்தது.

"அய்யோ, அத்தை வழியிலேயே போய்ச் சேந்துட்டாங்களா?" என்று மாயாண்டி தலைப்பாகையை அவிழ்த்தார். தப்புக்காரர்கள் சட்டென்று சாவு அடிக்கு மாற்றினார்கள்.

பலகையைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே வைக்கோலுக்கு நடுவே வெள்ளைக் கல்லில் ஒரு பெண். ஒரு கை இல்லை. உடுப்பும் இல்லை. ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிக்னல் கம்பத்தை ஆராயத் தொடங்கினார்கள். கொழுந்து பறிக்கிற வேலாயி தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை உருவிச் சிலைக்குச் சுற்றினாள்.

"ஐயா, இதுதான் துரையோட அத்தைங்களா?" மாயாண்டி கேட்டார்.

பத்து வருடத்து இங்கிலீஷ் அந்த நிமிடத்தில் ஊசலாடியது.

"சாமி! கிரேக்க தேசத்துச் சாமி. நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

"அத்தைன்னுல்ல சொன்னீங்க?"

"இங்கிலீசுல பொம்பளைச் சாமியை அப்படித்தான் மரியாதையாச் சொல்லுவாங்க."

"கிரேக்கத்துல இருந்து எப்பிடிங்க வந்துச்சு?"

"கப்பல்ல."

"இமிக்கிரேசன்ல ஒண்ணும் கேக்கலீங்களா? நாங்க நாலு தலைமுறையா இந்த மலையில கெடக்குறோம், எங்களைத்தான் கடுதாசி எங்கே, கடுதாசி எங்கேன்னு உசிரை வாங்குறாங்க. அம்மனுக்கு நல்ல ராசி."

தப்பு மூன்றாவது முறையாக அடியை மாற்றியது. இப்போது சாமி அடி.

அன்றே கணேசமூர்த்தி துரையின் புத்தக அலமாரியைத் திறந்து, கிரேக்கத் தெய்வங்கள் பற்றிய தடித்த புத்தகத்தை எடுத்தார். அப்ரோடைட்டி, கடல் நுரையில் பிறந்தவள். காதல் தெய்வம். அதுவரை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். காதல் என்ற வார்த்தையைக் கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் வீட்டுக்குள் உச்சரித்ததில்லை.

"என்ன சாமியாம்?" என்றாள் சண்முகவடிவு.

"கல்யாணத் தெய்வம்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில், கல்யாணமாகாத பெண்கள் இருந்த லயத்து வீடுகள் அத்தனையும் ரோஜாத் தோட்டத்தில் நின்றன. மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், சிவப்புச் சேலை கட்டினார்கள். 'அப்பு ரொட்டி அம்மன்' என்று பெயரும் நிலைத்துவிட்டதால் சோலைமலை தானே பூசாரி என்று முடிவெடுத்து, ரொட்டி சுட்டுப் படைத்தான். யாரோ தேங்காயை அம்மன் காலிலேயே உடைத்தார்கள். தேங்காய் உடையவில்லை. அம்மனின் பெருவிரல் உடைந்தது.

கூட்டத்தைக் கலைக்க வேண்டும். கணேசமூர்த்தி புத்தகத்தில் அடுத்த பக்கத்தையும் படித்துவிட்டு, ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! இந்தம்மாவுக்குப் புருசன் ஒரு நொண்டிக் கொல்லன். நல்ல மனுசன். அவனை விட்டுட்டு இவ பட்டாளத்துச் சாமியோட சுத்துனவ. புருசன் வலை பின்னி ரெண்டு பேரையும் சேத்துப் புடிச்சு, ஊருக்கே காட்டுனான். இவளையா கும்புடுறீங்க?"

ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். பெண்கள் போகவில்லை. மாறாக, அதுவரை வராமலிருந்த கல்யாணமான பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

"கொல்லன் குடிப்பானாங்கய்யா?" என்று வேலாயி அக்கறையாகக் கேட்டாள்.

வியாழக்கிழமை தந்தி வந்தது. 'ஐரிஸ் சனிக்கிழமை தலவாக்கலை. லொறி அனுப்பு. மிகவும் மென்மை. கவனம். நான் ஞாயிறு.'

முன்பு போல அவர் தடுமாறவில்லை. இங்கிலீஷ்காரன் கல்லையும் 'அவள்' என்பான் என்ற இலக்கணத்தை இப்போது கற்றுக்கொண்டுவிட்டாரே! நேராகப் புத்தகத்துக்குப் போனார். இருந்தது. ஐரிஸ், வானவில்லின் தெய்வம். தெய்வங்களுக்குத் தூது போகிறவள். காற்றைப்போல ஓடுவாள். முதுகில் பொன்னிறகு, கையில் குடம்.

"இன்னொண்ணா?" சண்முகவடிவு தலையில் கைவைத்தாள். "முதல்ல வந்தவளுக்கே வெரலு போச்சு."

"அதனாலதான் சொல்றேன். அந்த வெரலை சிமெந்து வச்சு ஒட்டிடலாம். இந்த ஐரிஸ் ஒரு கீறல் இல்லாம வந்து சேந்தா துரை மனசு குளிர்ந்துரும். நாற்காலி நமக்குத்தான்."

இந்த முறை மாலை இல்லை, தப்பு இல்லை, வேப்பிலை இல்லை. கூட்டமே ஆகாது. லொறி டிரைவர் ராசிக்கையும் இரண்டு ஆட்களையும் மட்டும் கூப்பிட்டு, வைக்கோல், கயிறு, பழைய கம்பளி எல்லாம் கொடுத்தார். புத்தகத்தின் படத்தையும் காட்டினார்.

"நல்லாப் பாத்துக்க. பேரு ஐரிஸ். முக்கியமானது றெக்கை. பெட்டியைப் பிரிச்சு, றெக்கை ரெண்டும் முழுசா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஏத்தணும். ஸ்டேஷன்ல யாராவது மாத்திக் கீத்தி வேற எதையாவது தள்ளிவிடப் பாப்பாங்க. ஏமாந்துறாதே."

"எங்கிட்ட நடக்குமாங்கய்யா?" என்றான் ராசிக்.

சனிக்கிழமை முழுவதும் கணேசமூர்த்தி கையில் தேங்காய்நாரோடு அப்ரோடைட்டியின் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சிமெந்து விரல் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது. தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். துரை தூரத்தில் நிற்பவராக இருக்கவேண்டும்.

மூன்று மணிக்கு லொறி வந்தது. பின்னால் வைக்கோல் வைத்தபடியே இருந்தது.

"எங்கேடா ஐரிஸ்?"

"ஏமாத்தப் பாத்தாங்கய்யா. நம்மகிட்டயா!" ராசிக் பெருமையாகக் குதித்து இறங்கினான். "செலையே வரல்லீங்க, ஒரு வெள்ளைக்காரம்மாதான் பெட்டியும் கையுமா எறங்கி, 'ஐரிஸ் நான்தான், துரையோட சம்சாரம்'னு ஸ்டேஷன் மாஸ்டரை விட்டுச் சொல்லி லொறியில ஏறியே உக்காந்துருச்சு, நான் ரெண்டு கையையும் படபடன்னு அடிச்சுக் காட்டி றெக்கை எங்கேன்னு கேட்டேன், முழிச்சுச்சு, எறக்கி விட்டுட்டு வந்துட்டேன்!"