முதல் உலகப் போரும் தெற்குக் காம்பவுண்டுச் சுவரும்

ஐரோப்பிய வரலாற்றை முழுமையாகப் புரிந்துகொண்டவர் இந்த உலகில் ஒரே ஒருவர்தான். அவர் கோயமுத்தூரில் பம்ப்செட் ஃபவுண்டரி நடத்துகிறார்.

திரு. ரங்கராஜ் எங்கள் பள்ளியின் தாளாளர். நான் அங்கே வரலாற்று ஆசிரியை. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால், படித்ததையெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆயுதப் போட்டி, கூட்டணிகள், காலனி ஆசை என்று முதல் உலகப் போருக்கு எட்டுக் காரணங்கள் நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், ஒரு போருக்கு எட்டுக் காரணமுங்களா? எங்க ஃபவுண்டரில வார்ப்புல ஓட்டை உழுந்தா அஞ்சு தடவ 'ஏன்'னு கேப்பமுங்க. அஞ்சாவதுல ஆளு மாட்டிருமுங்க."

மறுநாளே 'மூலகாரணப் படிவம்' வந்தது. ஐந்து கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு 'ஏன்', அடியில் 'பொறுப்பாளர் கையொப்பம்'. இனி ஐரோப்பா முழுவதும் இதற்குள் அடங்க வேண்டும்.

அடங்கியது. அற்புதமான முறை. போர் ஏன் வந்தது? இளவரசரைச் சுட்டுவிட்டார்கள். ஏன் சுட முடிந்தது? கார் நின்றது. ஏன் நின்றது? திருப்ப வேண்டியிருந்தது. ஏன் திருப்ப வேண்டும்? தப்பான தெருவில் புகுந்துவிட்டது. ஏன் புகுந்தது? டிரைவர். நான்கு வருடப் போர், நான்கு சாம்ராஜ்யங்கள் காலி, மூலகாரணம் ஒரு டிரைவர். பிரெஞ்சுப் புரட்சிக்கு ரொட்டிக் கடைக்காரர் மாட்டினார். கான்ஸ்டான்டிநோபிள் விழுந்ததற்குக் கதவைத் தாழ் போடாத ஒரு காவலாளி. இரண்டே வாரத்தில் ஐரோப்பாவின் ராஜாக்கள் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று 'நிரூபணம்' ஆனது. தாளாளர் நெகிழ்ந்துபோனார்.

ஒன்பதாம் வகுப்பு ஹர்ஷிணிக்கு மட்டும் திருப்தியில்லை. "மிஸ், ரூட்டு மாறினதை அந்த டிரைவருக்கு ஏன் யாரும் சொல்லல?"

"அது ஆறாவது ஏன் கண்ணு. அதுக்குக் கட்டமில்லை."

சொல்லும்போது எனக்கே நாக்கு கூசியது.

ஐப்பசி மழையில் பள்ளியின் தெற்குச் சுவர் அறுபதடி சரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, அடி யாருக்கும் இல்லை. திங்கள்கிழமை அவசரக் கூட்டம். கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். 'காரண காரியங்களில் தேர்ந்தவர்' என்று படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். வாட்ச்மேன் தனபாலையும் வரச் சொல்லியிருந்தார்கள். தாராபுரத்துக்காரர், பதினோரு வருடமாக எங்கள் கேட்டில் நிற்பவர். அவரைப் பார்த்ததுமே ஐந்தாவது கட்டம் எனக்குத் தெரிந்துவிட்டது.

"செவுரு ஏன் உழுந்துச்சுங்க?" என்று தொடங்கினார் தாளாளர்.

"தண்ணி தேங்கிருச்சுங்க," என்றார் தனபால்.

"ஏன் தேங்குச்சு?"

"வாய்க்கால்ல போகலீங்க."

"ஏன் போகல?"

"வாய்க்கா அடைச்சுப்போச்சுங்க."

"ஏன் அடைச்சுது?"

"அதுக்கு மேலதானுங்களே நீச்சல் குளம் கட்டுனீங்க. நான் அப்பவே மூணு தடவ..."

"எலை உழுந்து அடைச்சுருச்சு. எழுதிக்குங்க டீச்சர். எலை ஏன் கெடந்துச்சு? இவரு கூட்டல. அஞ்சு ஆச்சுங்களா?"

ஆயிற்று. தாளாளர் மிக அன்பாகத் திரும்பினார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க தனபாலு. கையெழுத்துப் போட்டுப்போட்டு நாளைல இருந்து வராதீங்க." எங்கள் ஊரில் வயிற்றில் அடித்தாலும் 'ங்க' சேர்த்துத்தான் அடிப்பார்கள்.

"புள்ள பிளஸ் டூ படிக்குதுங்க. பரீட்சை முடியற மட்டுமாச்சும்..."

"அது வேற படிவமுங்க."

தனபால் பேனாவை எடுத்தார். நான் படிவத்தை இழுத்து, கட்டத்துக்கு வெளியே ஆறாவது ஏன் எழுதினேன். வாய்க்கால் மேல் நீச்சல் குளம் ஏன்? தாளாளர் கட்டச் சொன்னார்.

"கையெழுத்து நீங்கதான் போடணுமுங்க சார்."

அந்தப் படிவம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட மேல்நோக்கிப் போனதில்லை.

"நல்ல படிவத்தைக் கெடுத்துப்போட்டீங்களே அம்மணி," என்று வருந்தினார் தாளாளர். புதுப் படிவம் எடுத்துத் தானே நிரப்பினார். சுவர் ஏன் விழுந்தது? பராமரிப்பு இல்லை. ஏன்? ஊழியர்களிடம் ஒழுங்கு இல்லை. ஏன்? யாரும் சொன்னதைக் கேட்பதில்லை. ஏன்? எதிர்க் கேள்வி கேட்கும் பழக்கம் பரவிவிட்டது. ஏன்? வரலாற்று ஆசிரியை.

நான் கையெழுத்துப் போடாவிட்டால் பழைய படிவம் தனபாலிடம் திரும்பிப் போகும். போட்டேன்.

தனபால் இப்போதும் கேட்டில்தான் நிற்கிறார். அவர் மகள் பரீட்சைக்குப் படிக்கிறாள். நான் வேறு வேலை தேடுகிறேன். அறுபதடிச் சுவர் ஒரு கேள்வியால் விழுந்தது என்று தாளாளரே எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறார், நகல் என்னிடம் இருக்கிறது. அதனால், பெற்றோர்களே, நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மீதி மூன்று பக்கச் சுவர்களும் பத்திரமாக நிற்கும். நீங்கள்தான் இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்டதில்லையே.