மாப்பிள்ளை தந்த கம்ப்யூட்டரும் இருபத்திரண்டு உளவாளிகளும்

அன்பிலும் பொறுமையிலும் சிறந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறோம். போன விடுமுறைக்கு வந்தபோது நீங்கள் ஆசையோடு கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் மட்டும்தான் சௌக்கியமாக இல்லை. அதைப் பற்றி ஒரு மாமனார் மருமகனிடம் மட்டுமே சொல்லக்கூடிய சில விஷயங்கள் உள்ளன. படித்ததும் கிழித்துவிடவும். என் மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. "இன்னொரு தடவை யார்கிட்டயாவது ஏமாந்தீங்கன்னா, வீட்டை வித்துட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துடணும்ப்பா" என்று அவள் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்களுக்காக உங்கள் வீட்டில் ஒதுக்கியிருக்கும் அறையைப் படம் எடுத்தும் அனுப்பினாள். கட்டில் இருக்கிறது, அலமாரி இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து உங்கள் அத்தை என்னைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறாள். "நீங்க ஏமாந்தா நானும் சேர்ந்துதானே மூட்டை கட்டணும்?" என்கிறாள். நியாயமான கவலைதான்.

நடந்தது இதுதான். முப்பத்துநாலு வருடம் நான் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தவன். வந்த காகிதம் எதுவானாலும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பதில் அனுப்பிவிட்டுத்தான் மேசையை மூடுவேன். அப்படிப்பட்டவன் முன்னால் முதல் நாளே திரையில் ஒரு பெட்டி குதித்து வந்து, "உங்களுக்கு மூட்டுவலி உள்ளதா?" என்று கேட்டது. பதில் சொல்லாமல் விடுவதா? இடது முழங்காலில் உண்டு, வலதில் குளிர் நாட்களில் மட்டும் என்று விவரமாகத் தட்டி அனுப்பினேன். அது போனதும் இன்னொரு பெட்டி வந்து தூக்கம் எப்படி என்று விசாரித்தது. அதற்கும் பதில் எழுதினேன். அடுத்தது பற்களின் நிறம் கேட்டது; கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து எழுதினேன். நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் மாப்பிள்ளை, மரியாதையாகக் கேட்கிறவனுக்கு மரியாதையாகப் பதில் சொல்வது எப்போதிலிருந்து குற்றமாயிற்று? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கோடு போட்டு, வந்த தேதி, விளம்பரத்தின் பொருள், அனுப்பிய பதில் என்று பதிந்துவந்தேன். திரை கெட்டுப்போகும்வரை மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. "வாழ்த்துகள், நீங்கள்தான் எங்கள் பத்து லட்சமாவது வாசகர்" என்று ஒன்று வந்தது. நேற்றும் நானேதான் பத்து லட்சமாவது வாசகராக இருந்தேன், உங்கள் எண்ணிக்கையில் பிழை உள்ளது, சரிபார்க்கவும் என்று சுட்டிக்காட்டினேன். நன்றி சொல்லக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை.

பதில் போகப் போக விளம்பரங்கள் பெருகின. மூலையில் கடுகளவு பெருக்கல் குறி இருக்கிறதே, அதை அழுத்தினால் ஒன்று மூடி மூன்று திறந்தன. ஒருநாள் உங்கள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தனிமையில் வாடும் பெண்கள் என் வீட்டுக்கு அருகிலேயே காத்திருப்பதாகத் திரை முழுவதும் ஓர் அறிவிப்பு. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாய்விட்டுப் படித்தாள். "ஏங்க, அரை கிலோமீட்டர்லயே மூணு பேர் இருக்காங்களாமே. இந்த முட்டியை வெச்சுக்கிட்டு எப்படிப் போவீங்க?" என்றாள். கத்தி கையிலேயே இருந்தது. மனைவி உடன் இருப்பதால் தேவையில்லை என்று அவள் எதிரிலேயே பதில் தட்டினேன். அது அவளுக்கு இன்னும் கோபமாகப் போயிற்று. "இல்லாட்டி தேவைப்பட்டிருக்குமோ?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை.

இனிப் பொறுப்பதில்லை என்று முடிவுகட்டிய அன்றுதான் விளம்பரங்களை ஒழிக்கும் மென்பொருளுக்கு ஒரு விளம்பரம் வந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று அதை உள்ளே இறக்கினேன். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. திரையின் மேற்பக்கத்தில் பட்டை பட்டையாக ஏழு வரிசைப் பொத்தான்கள் முளைத்தன. செய்தி படிக்க மிஞ்சியது இரண்டு விரல் இடம். கதவிடுக்கில் எட்டிப் பார்ப்பதுபோல உலக நடப்பைத் தெரிந்துகொண்டிருந்தேன். நேற்று முன்தினம் அதுவும் போய், திரை சிவந்து, சங்கு ஊத ஆரம்பித்தது. உடனே இந்த எண்ணைக் கூப்பிடு, இல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்றது. எதிர்வீட்டுக்காரர் தீப்பிடித்ததென்று வாளியோடு ஓடிவந்துவிட்டார்.

கூப்பிட்டேன். மறைக்க விரும்பவில்லை, கூப்பிட்டேன். தேனொழுகும் குரலில் ஒருவர், "பயப்படாதீங்க சார், நான் சொல்ற எண்ணை மட்டும் கட்டத்துல அடிங்க" என்றார். "அதுக்கு முன்னாடி உங்க பதவி என்ன, எந்தப் பிரிவு, கோப்பு எண் என்னன்னு சொல்லுங்க" என்றேன். என்னவோ சொன்னார். எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துக் காட்டி, "தம்பி, இதெல்லாம் வாய்மொழியா செய்யறதில்ல. உங்க மேலதிகாரி கையெழுத்தோட ஒரு கடிதம் அனுப்புங்க" என்றேன். நாற்பது நிமிடம் மன்றாடினார். கடைசியில் தேன் வற்றி, "பெரியவரே, உங்களை ஏமாத்துற நேரத்துக்கு நான் ஒழுங்கா ஒரு வேலைக்கே போயிடலாம்" என்று வைத்துவிட்டார். ஆகவே, நான் ஏமாறவில்லை. இதை நீங்கள் நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்று காலை, தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்துக் கம்ப்யூட்டரும் பழுது பார்க்கும் அம்மாளை வரவழைத்தேன். திறந்து பார்த்தவர், "சார், இது கம்ப்யூட்டரா, சத்திரமா? போறவன் வர்றவன் எல்லாம் உள்ள படுத்திருக்கான்" என்றார். முதலில் பெட்டிகள் குதிக்காதபடி தடுப்புப் போட்டார். பிறகு ஏழு பட்டைகளையும் உரித்தார். அதற்கும் அடியில், நான் எதைத் தட்டுகிறேன், எதைப் பார்க்கிறேன் என்று வேவு பார்த்துச் சொல்லும் உளவாளிகள் இருபத்திரண்டு இருந்தன. என் நோட்டைக் கொடுத்தேன். "எவன் எந்தத் தேதியில உள்ள வந்தான்னு எழுதி வெச்ச ஒரே ஆளு நீங்கதான் சார்" என்று பாராட்டினார். நோட்டைப் பார்த்துப் பார்த்து இருபத்தொன்றைக் களைந்தார். ஒன்று மட்டும் நோட்டில் இல்லை. அதைச் சாயங்காலம் வந்து கவனிப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். பதிவேட்டில் ஏறாமல் உள்ளே வந்த அந்த ஒன்றை வைத்தவன் யாராக இருந்தாலும், பெற்றவர்கள் அவனைச் சரியாக வளர்க்கவில்லை என்பது என் கருத்து.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். என் மகள் கேட்டால், "மாமா தெளிவா இருக்கார்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவாள். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காத பிள்ளை என்று உங்களை எங்கள் வீட்டில் எல்லோரும் மெச்சுகிறோம். இந்த வீட்டில் எங்கள் காலம் கழிவது உங்கள் நாக்கில் இருக்கிறது. உங்களுக்கு வேலையில் உயர்வும், என் மகளுக்கு நல்ல உடம்பும், பேரனுக்குக் கணக்குப் பாடமும் வர எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஜெராக்ஸ் கடை அம்மாள் வந்துவிட்டார். அரைமணி நேரம் துழாவிவிட்டு, "இது திருடன் வெச்சது இல்ல சார். வீட்டாளு விலை கொடுத்து வாங்கி வெச்சது" என்று திரையை என் பக்கம் திருப்பினார். வைத்த தேதி, நீங்கள் வந்த மறுநாள். கம்ப்யூட்டரைச் சரிசெய்வதாகச் சொல்லி நீங்கள் கதவைச் சாத்திக்கொண்ட அந்த மத்தியானம். நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தினமும் உங்கள் பெயருக்குப் போகிறது. போன வாரம் போனில் என் மகள், "அப்பா, இடது முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொல்லாமலே தெரிந்துகொண்டாளே என்று மனம் நிறைந்து, போனை வைத்த பிறகும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. உங்கள் பெற்றோரை எண்ணி, வளர்ப்பைப் பற்றி மேலே எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்துவிடப் பார்த்தேன். பிறகு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"எடுத்துடவா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உங்கள் அத்தை, "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள். இதுநாள் வரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதவள், இப்போது அதன் முன்னால் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்களுக்குக் கிடைத்திருக்கும். பதினோரு வருடமாக உங்களை "வாங்க, போங்க" என்றே பேசிவந்தவள் எழுதிய முதல் வரியை எட்டிப் பார்த்தேன்: "அந்த ரூம்ல நீயே போய்ப் படு."