எங்கள் வீட்டில் ஜாம் காரமாக இருக்கும்

அந்தக் காலத்து ராயபுரத்தில் இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு இருந்த மரியாதை கப்பலுக்குக்கூடக் கிடையாது. கப்பலாவது தினமும் வரும். சுதந்திரம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான், இங்கிலீஷை மட்டும் எங்கள் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டான். ஆளாளுக்கு அதைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடினோம்.

நான் கொஞ்சம் அதிகமாகவே ஆடினேன். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா வேலை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ் சார், நோ சார், வெரி குட், தேங்க் யூ. (சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆபீசில் அதற்கு மேல் தேவைப்படவே இல்லை!)

அப்போதுதான் பவளத்தைப் பார்த்தேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில், "வண்டியே வரல, இன்னாத்துக்குயா கேட்டு மூடிகினு கீறே?" என்று கேட்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பயந்துபோய்த் திறந்தே விட்டான். எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. திட்டு வாங்கினால் இவளிடம்தான் ஆயுசு முழுக்க வாங்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

விசாரித்தால், பெண் திருவொற்றியூர். அப்பா சடையப்பன், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவர். அவர் ஒரே பிடியாக நின்றார். "தொரைங்க இன்னா திட்றாங்கன்னே தெரியாம ஆயுசு பூரா தலைய ஆட்டிகினு நின்னேன். என் வூட்டுல திருப்பி இங்கிலீஷ் பேச ஒரு ஆளு வேணும். அவனுக்குத்தான் பொண்ணு!"

என் தோஸ்து காதர், கயிற்றுக்கடைக்காரர் மகன், உடனே யோசனை சொன்னான். "மாமு, வார்த்தைய வுடு. சாப்பாட்ட பாத்துதான் கண்டுபுடிப்பாங்க. இங்கிலீஷ் பேசறவன் எவனாவது காரம் துன்னு பாத்துகீறியா? மூக்குல தண்ணி ஒழுக ஒழுக நண்டு கொழம்பு துன்னேன்னு வெச்சுக்க, உன் சாயம் அங்கயே வெளுத்துடும்."

வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். 'மாப்பிள்ளை இங்கிலீஷ் பேசுகிறவர், காரம் ஆகாது' என்று பெண் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். அதோடு நின்றிருக்கலாம். பழக்கம் வேண்டுமே என்று வீட்டிலும் பயிற்சி ஆரம்பித்தேன்! அம்மா மத்தி மீன் குழம்பை இறக்கினால் தெருவே மூக்கை நீட்டும். நான் மட்டும் அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் ஜாமும் தின்றேன்.

"இன்னாடா, ஒடம்பு சரியில்லையா?" என்றாள் அம்மா.

"நோ, அம்மா."

"நோவா? ஐயையோ, எங்கடா நோவுது?" என்று வயிற்றில் விளக்கெண்ணெய் தடவ வந்துவிட்டாள்.

இதில் நான் கவனிக்காத விஷயம், பொய் சொல்லிப் பழக்கிய நாக்கு நிஜமாகவே காரத்தை மறந்துவிட்டது. மிளகு ரசம்கூடக் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது.

பெண் பார்க்கும் நாள் வந்தது. காதரின் கோட்டைப் போட்டுக்கொண்டேன். (அவன் என்னைவிடக் குள்ளம். கை முழங்கையோடு நின்றுவிட்டது.) அம்மா, காதர், நான் மூவரும் திருவொற்றியூர் போய் இறங்கினோம். கூரை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் சந்து. ஆண்கள் எல்லோரும் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள். இங்கிலீஷ் மாப்பிள்ளையைப் பார்க்க அத்தனை பேரும் வாசலில் நின்றார்கள்.

உட்கார்ந்ததும் இலை போட்டு இட்லி வைத்தார்கள். எனக்கு மட்டும் தனியாகச் சர்க்கரை. என்ன உபசாரம்! பவளம் கதவுக்குப் பின்னால் நின்று என் கோட்டுக் கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, ஏதாச்சும் இங்கிலீஷ் பேசுங்களேன், கேப்போம்," என்றார் சடையப்பன். குரலில் அப்படி ஒரு ஆசை. சந்தே மூச்சுப் பிடித்துக்கொண்டது.

என் நாலு வார்த்தைகளும் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போய்விட்டன! அப்போது சடையப்பன் இலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் கண்ணில் பட்டது. அதில் சிவப்பாக, பளபளவென்று, கெட்டியாக ஏதோ இருந்தது. அட, நான் தினமும் தின்பதுதானே!

"ஓ! ஜாம்!" என்றேன். "வெரி குட் ஜாம்!"

சடையப்பன் முகம் மலர்ந்தது. "தொவையலுக்கு இங்கிலீஷ்ல ஜாமாம்ல!" என்று வாசலைப் பார்த்து அறிவித்தார். அம்மா என் தொடையைக் கிள்ளி, "டேய், அது வரமொளவாடா..." என்பதற்குள் இட்லியின் மேல் கைகொள்ளும் அளவுக்கு அப்பி வாயில் போட்டுவிட்டேன்.

மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்த துவையல். முதலில் காது அடைத்தது. பிறகு கண் இருண்டது. தண்ணீர் என்று கத்தியிருக்கலாம். ஆனால் தமிழில் கத்தினால் பவளம் போய்விடுவாளே! காரத்துக்கு இங்கிலீஷில் என்ன? யாருக்குத் தெரியும்! நெருப்புக்கு இங்கிலீஷ் மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் சுவரிலேயே எழுதியிருந்தது.

எழுந்து நின்று வாயைப் பிளந்துகொண்டு அலறினேன். "பயர்! பயர்!"

துறைமுகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு இங்கிலீஷே தெரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தை தெரியும். அதுவும் கூரை வீட்டுச் சந்து!

"பயராம்யா! தண்ணி கொண்டா! மண்ண அள்ளு!" சந்து முழுக்கப் பறந்தது. குடம், வாளி, அண்டா என்று கையில் கிடைத்ததோடு உள்ளே பாய்ந்தார்கள். எங்கே எரிகிறது என்று ஒருவர் கேட்டார். நான் என் வாயைக் காட்டினேன். ஊற்றினார்கள் பாருங்கள்! கடைசியாக வந்தவர் ஒரு கூடை மணலையும் என் தலையில் கவிழ்த்தார்.

கோட்டிலிருந்து சொட்டச் சொட்ட நின்றேன். காதர் கூட்டத்தோடு கூட்டமாக நழுவிவிட்டான். அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். சரி, போச்சு, எல்லாம் போச்சு. எனக்கு அழுகையே வந்தது. (காரத்தால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.)

பவளம்தான் ஒரு சொம்பு மோரோடு வந்தாள். "தமிழ்ல கேட்டாலும் தண்ணி குடுப்போம்யா," என்றாள் மெதுவாக. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சடையப்பன் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சந்துக்காரர்கள் பக்கம் திரும்பி மார்தட்டினார்.

"பாத்தீங்களாயா! உசுரு போற நேரத்துலகூட இங்கிலீஷ்லதான் கத்தறான்! இவன்தான்யா என் மாப்ள!"

அடுத்த மாதமே கல்யாணம் நடந்தது.

ஒரு விஷயம் மட்டும் அதற்குப் பிறகு மாறவே இல்லை. என் மாமனார் ஒருமுறை ஆசையாக ரொட்டிக் கடையில் ஜாம் வாங்கி ஒரு வாய் வைத்துவிட்டு, "கலீஜ்! இனிக்குது! ஏமாத்தறான்!" என்று கடைக்காரன் சட்டையைப் பிடித்துவிட்டார். பஞ்சாயத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். "நீங்களே சொல்லுங்க மாப்ள, ஜாம்னா காரமா இருக்கணுமா இல்லையா?" கூட்டத்தில் பவளமும் நின்று என்னையே பார்த்தாள். வேறு என்ன செய்ய? "எஸ்," என்றேன்.

அதனால் எங்கள் குடும்பத்தில் இன்றுவரை மிளகாய்த் துவையலுக்குப் பெயர் ஜாம்தான். நேற்றுகூட என் பேத்தி இட்லித் தட்டோடு வந்து, "தாத்தா, ஜாம் வெக்கட்டா?" என்றாள்.

உள்ளே இருந்து பவளத்தின் குரல் வந்தது. "இருடி, மொதல்ல ஒரு கொடம் தண்ணி எடுத்தாறேன்!"